முறை: சாப்பாடு

என் பெயர் அங்கயற்கண்ணி. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். மீன் போலக் கண்ணழகி என்று ஊரைக் கூட்டித் தொட்டிலில் போட்டுப் பெயர் சொன்ன பிறகுதான், இந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது என்று டாக்டர் சொன்னாராம். பெயரை மாற்றலாமா என்று வீட்டில் யோசித்திருக்கிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுப்பதா, அம்மன் கோவித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் பெயரை உரக்கக் கூப்பிட்டுவிட்டு, கையில் குச்சியோடு நான் எழுந்து வருவதைப் பார்த்ததும் நர்ஸ் ஒரு விக்கு விக்குவாள் பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

எனக்குத் தொழில் முகவாட்டம் பார்ப்பது. கண் தெரியாதவள் முகவாட்டம் பார்க்கிறாளா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள்.

கல்யாண வீடுகளில் முகவாட்டம் வைப்பது இப்போது வாழைமரம் கட்டுவது மாதிரி ஆகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் 'உறவு நலச் சேவை' என்று நோட்டீஸ் அடித்துத்தான் பார்த்தார்கள், வாயில் நுழையவில்லை. விருந்தாளிகளில் யார் மனம் கோணினாலும் உடனே கண்டுபிடித்து, அவர் கிளம்பிப் போவதற்குள் சமாதானம் செய்துவிடுவதுதான் சேவை. முதலில் கண் தெரிந்தவர்களைத்தான் இந்த வேலைக்கு வைத்தார்கள். பெரிய திரை, அதில் வரிசையாகப் பெயர்கள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா ஒருவர் தண்ணீர் குடிக்க வந்தவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். பங்காளியின் பெயர் மேலே இருந்தது, அவர் பெயர் கீழே இருந்தது. "எனக்கு முன்னாடி அவனுக்கா மனசு நொந்துச்சு? அவனுக்குத்தான் மொதல்ல ஆள் அனுப்புவீங்களா?" என்று ஆரம்பித்தவர், கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும் வரைக்கும் நிறுத்தவில்லை. வருத்தப்படுவதிலும் வரிசை உண்டு என்று கம்பெனிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு எங்களைத் தேடி வந்தார்கள். எங்களுக்குத் திரையே வேண்டாம், அணைத்துவிடுவோம். காதில் எழுத்தை வாசித்துச் சொல்கிற ஸ்க்ரீன் ரீடர், விரலில் கீபோர்டு, அவ்வளவுதான். எட்டிப் பார்க்கிறவருக்குக் கறுப்புக் கண்ணாடியில் அவர் மூஞ்சிதான் தெரியும். ஒட்டுக்கேட்கலாம் என்றாலும் முடியாது. நான் வைத்திருக்கிற வேகத்தில் ரீடர் பேசுவது மற்றவர்களுக்குக் குருவிச் சத்தம். எங்கள் கம்பெனியின் சமாதான ஆள் பால்ச்சாமி அண்ணன் ஒருமுறை ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது தமிழா?" என்றார்.

நான் சொல்ல வந்தது தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணத்தைப் பற்றி.

காலையில் நான் மேசையில் உட்கார்ந்து கேபிளைக்கூடச் செருகவில்லை, பட்டுப்புடவை சரசரக்க ஒரு அம்மாள் வந்து நின்றார். வளையல் சத்தத்தை வைத்தே பெண்ணின் தாயார் என்று தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அத்தனை வளையல் போட அவர்களுக்குத்தான் உரிமை.

"ஏத்தா, முகவாட்டம் நீதானா?"

"வாட்டம் என்னோடது இல்லக்கா, உங்க சொந்தக்காரங்களோடது. நான் பாத்துச் சொல்ற ஆளு."

"பாத்துச் சொல்ற ஆளா?" என்று இழுத்தார். என் முகத்துக்கு முன்னால் காற்று லேசாக அசைந்தது. கையை ஆட்டிப் பார்க்கிறார்.

"கைய எறக்குங்கக்கா. வளையல் சத்தம் கேக்குது."

சிரித்துவிட்டார். அவர் பெயர் ரேணுகாதேவி. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இது எப்படித்தா கண்டுபிடிக்குது? எங்க வீட்டுக்காரர் பாட்டுக்குப் பேசி முடிச்சிட்டு வந்துட்டாரு, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

"சந்தனம் குடுக்கிற எடத்துலயே எல்லாருக்கும் ஒரு ரப்பர் காப்பு மாட்டுவாங்க. அது நாடியப் பாக்கும், வேர்வையப் பாக்கும், வாய்க்குள்ள மொணங்குறதக் கேக்கும். மனசு கோணுச்சுன்னா இங்க எனக்கு ஒரு அறிவிப்பு வந்துரும். யாரு, என்ன முறை, என்ன காரணம், எல்லாம்."

"நூறு பேருக்கு ஒரே நேரத்துல வந்தா?"

"வரும். இந்த ரெண்டு கீய அமுக்குனா வரிசை தெறக்கும். கீழ் அம்பு அமுக்க அமுக்க ஒவ்வொண்ணா வாசிக்கும். என்டர் அடிச்சா பால்ச்சாமி அண்ணனுக்குப் போகும், அவரு ஓடுவாரு. டெலிட் அடிச்சா அழிஞ்சிரும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் ஒரு கட்டு, உங்க ஆளுங்க ஒரு கட்டு, சமையல், பூ, மேளம் எல்லாஞ் சேந்து சாப்பாடுன்னு ஒரு கட்டு. எடது அம்ப அமுக்குனா அந்தக் கட்டு மூடிக்கும்."

"மத்தவனுக்கு எப்படியோ பாத்துக்க. எனக்கு ஒரே ஒரு ஆளத்தான் பாக்கணும்." அக்காவின் குரல் இறங்கியது. "எங்கண்ணன் வருது. சோலைராஜ்னு பேரு. வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. ஒரு போட்டோ விஷயம், அத விடு. பத்திரிகை அனுப்புனேன், வரும்னு நெனைக்கவே இல்ல. நேத்து எம் மவளுக்குப் போனப் போட்டு, தாய்மாமன் மாலை நான் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிருச்சு. எங்கிட்டப் பேசல. ஆனா வருது."

"நல்ல விஷயந்தானேக்கா."

"என்னத்த நல்ல விஷயம்? அதுக்கு மூக்கு மேல கோவம். மாலை போடுறதுக்குள்ள எதுக்காவது மூஞ்சியத் தூக்கிட்டுக் கெளம்பிருச்சுன்னா அம்புட்டுதான். அப்புறம் எனக்கு அண்ணனே இல்ல. சாவுக்குத்தான் பாத்துக்குவோம்."

"நீங்களே கூட நின்னு பாத்துக்கலாமே?"

"பயமா இருக்குத்தா. எனக்கும் அதுக்கும் வாயத் தொறந்தாலே சண்டைதான். அதுக்குத்தான உன்ன வச்சிருக்கு. அது மூஞ்சி லேசா சுருங்குனாலும் எனக்கு உடனே சொல்லிரு, கால்ல விழுந்தாவது நிறுத்திருவேன்."

சோலைராஜ் என்ற பெயரில் எது வந்தாலும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் வரும்படி நான் ஏற்பாடு செய்தேன். அக்கா நிம்மதியாக எழுந்து போனார். இந்தச் சேவை வந்ததிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் எவரும் விருந்தாளி முகத்தைப் பார்ப்பதே இல்லை. நானும் பார்ப்பதில்லை. ஆனால் எனக்குக் காரணம் இருக்கிறது.

மேளம் ஆரம்பித்ததும் என் காதுக்குள் மழை கொட்ட ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குக் கேட்காமலே காபியில் சர்க்கரை போட்டுவிட்டார்கள். என்டர். பெண்ணின் அத்தையைத் தாண்டிப் போன வீடியோக்காரர் திரும்பியே பார்க்கவில்லை. என்டர். மாப்பிள்ளையின் மச்சானுக்குப் போட்ட நாற்காலியில் இன்னொரு மச்சான் உட்கார்ந்திருக்கிறார். என்டர். ஒரு ரிட்டையர்டு அதிகாரிக்கு, தன்னை யாரும் 'சார்' என்று கூப்பிடவில்லை என்று வருத்தம். பால்ச்சாமி அண்ணன் ஓடிப்போய் நாலு தடவை 'சார்' போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அதே அதிகாரியிடமிருந்து இன்னொரு அறிவிப்பு: சொந்தக்காரனைப் போய் 'சார்' என்கிறார்கள்.

"இந்தாளுக்கு என்னதான்த்தா வேணும்?" என்று பால்ச்சாமி அண்ணன் மூச்சு வாங்கினார். முன்பு மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், எத்தனையோ பேரைச் சமாளித்த வாய் அது.

"சித்தப்பான்னு கூப்புடுங்க."

"என்னைவிட அவரு சின்னவரு."

"அப்ப இன்னொரு காபி குடுங்க, போங்க."

ரீடருக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. சர்க்கரையையும் சாவையும் ஒரே மாதிரி வாசிக்கும். பழகிவிட்டால் நமக்கும் எல்லாம் ஒன்றுதான். விரல் பாட்டுக்கு ஓடும்.

அதிலும் அந்தச் சாப்பாட்டுக் கட்டு இருக்கிறதே, அது பெரிய தலைவலி. சமையல்காரர்கள் பிறக்கும்போதே முகவாட்டத்தோடு பிறப்பார்கள் போலிருக்கிறது. கத்தி மொக்கை, கேரட் தடிமன், எவனோ ரசத்தைச் சாம்பார் என்று சொல்லிவிட்டான். அவர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று காண்ட்ராக்டிலேயே இருக்கிறது. அந்தக் கட்டில் எது வந்தாலும் மெஷினே டீ சொல்லிவிடும். நான் இடது அம்பை அமுக்கிக் கட்டை மூடுவேன், டெலிட் அடிப்பேன். மறுபடி வரும். மறுபடி இடது அம்பு, டெலிட். அன்றைக்கு என்னவோ வழக்கத்தைவிட அதிகமாகவே வந்துகொண்டிருந்தது.

ரேணுகா அக்கா மறுபடி வந்தார். ஓடி வந்த மூச்சு.

"அண்ணன் வந்திருச்சுத்தா! வாசல் பக்கம் தூண் ஓரமா நின்னுச்சு. வெள்ளை வேட்டி, கையில மாலைக் கூடை. நான் பாத்தேன். மெஷின் என்ன சொல்லுது?"

நான் அவர் பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எதுவும் வரலக்கா. ஒரு வருத்தமும் இல்ல."

"நெசமாவா? நான் எதிர்க்கத்தான் போனேன், அதுக்கப்புறம் பயந்துக்கிட்டு அப்படியே தலையக் குனிஞ்சு அந்தப் பக்கம் போயிட்டேன். அதுக்குக்கூட ஒண்ணும் வரலையா?"

"ஒண்ணுமே வரல."

"அடி ஆத்தி, எங்கண்ணன் மாறிருச்சு!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "அப்ப நான் அந்தப் பக்கமே போகல. போயி எதுக்குக் கெடுத்துக்கணும்? மாலை போடுறப்பப் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் "வாங்க, வாங்க" சொல்லிக்கொண்டே போனார். அவர் சந்தோஷத்தைக் கேட்க எனக்கும் நன்றாக இருந்தது. என் மெஷின் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கிறது என்று கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது, பொய் சொல்வானேன்.

சாப்பாட்டுக் கட்டு மறுபடி வந்தது. இடது அம்பை அமுக்கப் போன விரல் பக்கத்துக் கீயில் பட்டுவிட்டது. கட்டு மூடாமல் திறந்துகொண்டு, கடைசி அறிவிப்பை வாசிக்க ஆரம்பித்தது.

"சாப்பாடு. பெயர் சொல்லாதவர். காரணம்: ஊருக்கெல்லாம் வாங்க சொல்லுது. எனக்கு ஒரு வாங்க இல்ல."

சமையல்காரர் யாராவது 'வாங்க' எதிர்பார்ப்பாரா? கன்ட்ரோல் கீயைத் தட்டி ரீடரை நிறுத்தினேன். அழித்த அறிவிப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை, அழித்த வருத்தத்தை எவள் திரும்பக் கேட்பாள்? அன்றைக்குக் கேட்டேன்.

"சாப்பாடு. பெயர் சொல்லாதவர். காரணம்: தங்கச்சி வாங்கன்னு சொல்லல. நடவடிக்கை: டீ வழங்கப்பட்டது."

"சாப்பாடு. பெயர் சொல்லாதவர். காரணம்: தங்கச்சி பாத்துட்டுப் பாக்காத மாதிரி போகுது. நடவடிக்கை: டீ வழங்கப்பட்டது."

"சாப்பாடு. பெயர் சொல்லாதவர். காரணம்: போதும்டா டீ. நடவடிக்கை: டீ வழங்கப்பட்டது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்ததைத் தட்டினேன்.

"சாப்பாடு. பெயர் சொல்லாதவர். கண்ணீர் கண்டறியப்பட்டது. அருகில் வெங்காயம் உள்ளது. காரணம்: வெங்காயம் எனக் கருதப்படுகிறது. நடவடிக்கை தேவையில்லை."

சிரிப்பு நின்றது. இத்தனையையும் டெலிட் அடித்தது என் விரல்தான்.

வரவேற்பு மேசைக்குப் போனைப் போட்டேன். காப்பு மாட்டுகிற நஸ்ரின் எடுத்தாள்.

"நஸ்ரின், சாப்பாட்டுக் கட்டுல பேர் சொல்லாத ஆளு ஒருத்தர் இருக்காரே, யாரு அவரு?"

"அந்தப் பெரிய மீசைக்காரராக்கா? பேர் கேட்டேன், சொல்லல. என்ன முறை வேணும்னு கேட்டேன். 'எனக்கு என்னம்மா முறை, நான் சாப்புட வந்தவன்'னாரு. சரி, சாப்பாட்டு ஆளு போலன்னு மஞ்சக் காப்பு மாட்டி விட்டுட்டேன்."

"சாப்பாட்டு ஆளு மாலைக் கூடையோடயா வருவான்?"

"பூக்காரங்களும் சாப்பாட்டுக் கட்டுதானக்கா. கூடையப் பாத்துத்தான் எனக்கு உறுதியே ஆச்சு."

அவளைத் திட்டவும் முடியவில்லை. எதிர்ப்பட்ட முதல் ஆள் 'வாங்க' என்று சொல்லாமல் பெயரும் முறையும் கேட்ட எரிச்சலில் ஒரு மனுசன் குத்தலாகப் பேசியிருக்கிறார். குத்தலைக் காது வாங்கும், மெஷினில் அதற்குக் கட்டம் கிடையாது. மதுரைக்காரர் சொன்னதை அப்படியே நம்பி டைப் அடித்தால் இப்படித்தான் ஆகும்.

பால்ச்சாமி அண்ணனைச் சமையல்கட்டுக்கு விரட்டினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பின்வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காருத்தா! மஞ்சக் காப்பப் பாத்துட்டு மாஸ்டர் 'ஏய், சும்மா நிக்காத, அத உரி'ன்னுருக்காரு. இவரும் ஒரு வார்த்தை பேசாம வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உக்காந்துட்டாரு. 'எந்திரிங்க அண்ணாச்சி, தாய்மாமன் நீங்க'ன்னு சொன்னேன். 'நீ சம்பளத்துக்குச் சமாதானம் பேசுறவன், போடா'ன்னுட்டாரு. இந்தக் கூடை முடிஞ்சதும் கெளம்புறாராம். மாலைய மேளக்காரங்க கிட்டக் குடுத்துவிட்டாச்சாம்."

பால்ச்சாமி அண்ணன் பேசியும் கரையாத ஆளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சின்ன கீபோர்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஹெட்போனை ஒரு காதோடு நிறுத்திக்கொண்டு, குச்சியை எடுத்தேன். மணவறைப் பக்கம் வளையல் சத்தத்தைத் தேடிப் போனேன். வழியில் யார் யார் காலைத் தட்டினேனோ, என் காதிலேயே அவர்கள் முகவாட்டம் வந்து விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, உங்கண்ணன் பின்வாசல்ல வெங்காயம் உரிக்கிறாரு."

"என்னாது?"

"சமையல் ஆளுன்னு பதிஞ்சிட்டாங்க. கெளம்பப் போறாரு."

"நீ ஒரு வருத்தமும் வரலைன்னு சொன்னியேத்தா!"

"வந்துச்சுக்கா. வேற கட்டுல வந்துச்சு. நான் கேக்காமலே அழிச்சிட்டேன்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கேட்டதோ, "என்னன்னு வந்துச்சு?"

"நீங்க அவருக்கு வாங்கன்னு சொல்லலைன்னு வந்துச்சு."

நாதஸ்வரம் பக்கத்திலேயே முழங்கிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அப்புறம் வளையல்கள் ஓடின. நான் பின்னாலேயே போனேன்.

பின்வாசலில் எண்ணெய்ப் புகையும் வெங்காய நெடியும் மூக்கில் ஏறின. யாரோ ஒரு ஆள், கத்தி பலகையில் படுகிற சத்தம் கொஞ்சமும் பிசகாமல், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, எம் மானத்த வாங்கணும்னே வந்தியா?" என்றார் அக்கா.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தாலே சண்டை என்று சொன்னது பொய்யில்லை.

"யாரும்மா நீ? நான் சாப்புட வந்தவன். ஓசியில திங்கக் கூடாதுன்னு வேலை செஞ்சுட்டுச் சாப்புடுறேன்."

"எந்திரிண்ணே."

"எதுக்கு? வாசல்ல நின்னேன். ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் கும்புடு போட்டு வாங்க வாங்கன்னு சொன்ன. என்னையப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போன."

"பயந்துக்கிட்டுப் போனேன்!"

"நான் என்ன புலியா?"

"புலின்னா என்ன பண்ணும்னு தெரியும்! நீ எதுக்கு மூஞ்சியத் தூக்குவன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்?"

என் காதில் ரீடர் அலற ஆரம்பித்தது. அலறல் என்றால் அதே தட்டைக் குரல்தான், வார்த்தைதான் பயங்கரம். "கடும் முகவாட்டம். இரண்டு பேர். பின்வாசல். இருவரையும் பிரித்துத் தனித்தனி அறையில் உட்கார வைக்கவும். மண்டபக் காவலர்களுக்குத் தகவல் போகிறது."

"யாரு மூஞ்சியத் தூக்குறது?" என்று சோலைராஜ் கத்தினார். பலகைச் சத்தம் நின்றிருந்தது. "ஒரு போட்டோவுக்காக வருஷக்கணக்கா மூஞ்சியத் தூக்குனது யாரு? நானா?"

"உன் வீட்டுப் பால்காய்ப்பு! குடும்பமே நின்னு போட்டோ எடுத்தீங்க. வேலைக்காரி மாதிரி நான் அடுப்படியில கெடந்தேன். என்னையக் கூப்புடல!"

"கூப்புட்டேன்டி! ரெண்டு மூணு தடவ கூப்புட்டேன்! நீ சட்னி அரைச்சுக்கிட்டு இருந்த, மிக்சி சத்தத்துல உனக்குக் கேக்கல!"

"கேக்கலைன்னா உள்ள வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகணும்! நாலு எட்டு வச்சு வரமாட்டியா?"

"நீ இன்னைக்கு நாலு எட்டு வச்சியா?"



நடுவில் மாஸ்டர் புகுந்தார். "எம்மா, என் ஆளப் புடிச்சு எதுக்கும்மா திட்டுற? இன்னைக்கு வந்ததுல அவன் ஒருத்தன்தான் ஒழுங்கா வெங்காயம் உரிக்கிறான்."

"வாய மூடுய்யா, இது எங்கண்ணன்!" என்று அக்கா அவர் மேல் பாய்ந்தார்.

பூட்ஸ் சத்தம் வருவது கேட்டது. காவலர்கள்தான். பிரித்து ஆளுக்கொரு அறையில் உட்கார வைத்துவிட்டால், இவர்கள் இரண்டு பேரும் வருத்தம் குறைந்து, நாடி சீராகி, மெஷினுக்குத் திருப்தியாகி, ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய கீபோர்டைத் தடவிப் பிடித்து 'தொந்தரவு செய்யாதே' என்பதற்கான கீகளைச் சேர்த்து அமுக்கினேன். யாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மெஷின் கேட்டது. இந்த இரண்டு பேரையும் என்றேன். காரணம் கேட்டது. காலியாக விட்டு என்டர் அடித்தேன். பூட்ஸ் சத்தம் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பியது. வேலை போனால் போகட்டும் என்றுதான் செய்தேன்.

காதில் ரீடர் அடங்கியதும்தான் அக்கா அழுவது கேட்டது.

"ஏய், எதுக்கு இப்ப அழுகுற? வெங்காயம்டி, எட்டி நில்லு" என்றார் சோலைராஜ். அவர் குரலும் சரியாக இல்லை.

"நீ எதுக்கு அழுகுற?"

"எனக்கும் வெங்காயந்தான்."

அக்கா மூக்கை உறிஞ்சினார். வளையல்கள் இரண்டு எட்டு முன்னால் நகர்ந்தன. "கையக் காட்டு. ச்சை, என்ன நாத்தம் இது! இந்தக் கையோடயா எம் மவ கழுத்துல மாலை போடப் போற? எந்திரி. வா, வந்து கையக் கழுவு."

"இப்பச் சொன்னியே."

"என்னத்தச் சொன்னேன்?"

"வான்னு சொன்னியே."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு முடியவில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது. என் கண்ணுக்கு அது ஒன்றாவது ஒழுங்காகத் தெரியும். மாஸ்டர் மட்டும், "அப்ப மிச்ச வெங்காயத்த யாரு உரிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேளக்காரரிடமிருந்து மாலை திரும்ப வந்தது. சோலைராஜ் மருமகள் கழுத்தில் அதைப் போட்டபோது கெட்டிமேளம்கூடக் கேட்காத அளவுக்குச் சத்தம். மல்லிகையோடு வெங்காய வாசமும் சேர்ந்து வந்தது என்று மணப்பெண் சிரித்தாளாம். பால்ச்சாமி அண்ணன் வந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிவிட்டு, தன் கண்ணிலும் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார். கல்யாண வீட்டில் கண்ணீருக்குத்தான் எத்தனை காரணம்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, 'தொந்தரவு செய்யாதே' போட்டிருந்ததை எடுத்துவிட்டேன். வரிசையில் ஒரே ஒரு அறிவிப்பு நின்றது. ரீடரின் வேகத்தைக் குறைத்து, நிதானமாகக் கேட்டேன்.

"சாப்பாடு. பெயர் சொல்லாதவர். காரணம்: தங்கச்சி எனக்கு அப்பளம் ஒண்ணுதான் வச்சுச்சு, மத்தவனுக்கெல்லாம் ரெண்டு. நாடி சீராக உள்ளது. வருத்தம் இல்லை. ஆனால் குறை உள்ளது. வருத்தம் இல்லாத குறை, பட்டியலில் இல்லை. இந்த வகைக்குப் பெயர் கொடுக்கவும்."

மெஷின் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்துப் பார்த்தேன். கோபம் என்று போட முடியாது. விளையாட்டு என்று போட்டால் அவரே கோவித்துக்கொள்வார். கடைசியில் 'உரிமை' என்று அடித்தேன். நான் அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டு, "உரிமை. புதிய வகை" என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"உரிமைக்கான கட்டணத்தை உள்ளிடவும்" என்றது அடுத்து.

கம்பெனி ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு விலை வைத்திருக்கிறது. சமாதானம் செய்யச் செய்ய பில் ஏறும். இதற்கும் ஒன்று வைத்துவிட்டால், அடுத்த முகூர்த்தத்திலிருந்து ஊரில் உள்ள அண்ணன்களின் அப்பளங்களை எல்லாம் எண்ண ஆரம்பித்துவிடும். விரலைக் கீ மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ஏய் ரேணு! உன் வீட்டுல அப்பளத்துக்குக்கூடவா பஞ்சம்?" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் மண்டபமே அதிரக் கேட்டது.

"கத்தாதண்ணே, எடுத்துட்டுத்தான் வர்றேன்!"

நான் எஸ்கேப்பைத் தட்டினேன். கட்டணம் இல்லாத வகையைச் சேமிக்க முடியாது, பெயரை அழிக்கச் சம்மதமா என்று மெஷின் கேட்டது. சம்மதம் என்று என்டர் அடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.